ஸ்டேபிளா, டெஸ்டிங்கா? உங்கள் லேப்டாப்பில் ஓடும் லினக்ஸ் எந்தக் கிளை?

அபிராமபுரத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டில் கடந்த அக்டோபர் மாதக் கடைசியில் ஒரு நாள் மாலை. வெளியே நல்ல மழை. மறுநாள் காலை பத்து மணிக்கு வங்கியில் வில்லங்கச் சான்றின் நகலைக் கொடுத்தாக வேண்டும். சான்றை லேப்டாப்பில் பதிவிறக்கம் செய்தாகிவிட்டது. பிரின்ட் கொடுத்தால் மட்டும் பிரின்டர் அசையவில்லை.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே வந்துட்டு இருந்துச்சு? நான் ஒண்ணையும் தொடலையே, கண்ணா" என்றார் பெரியம்மா. அவர் சொன்னது உண்மைதான். அவர் எதையும் தொடவில்லை. "அப்டேட் இருக்கிறது, நிறுவலாமா?" என்று திரையில் வந்ததற்கு "சரி" என்று அழுத்தினார், அவ்வளவுதான். நல்ல பழக்கம் என்று நாமே ஊருக்கெல்லாம் சொல்லும் காரியம் அது.

அன்றைக்கு வேலை, பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடையில் பத்து ரூபாயில் முடிந்துவிட்டது. ஆனால் கேள்வி அப்படியே நின்றது. ஜூன் மாதம் முதல் ஒரு தொல்லையும் தராத லேப்டாப், திடீரென்று ஏன் முரண்டு பிடிக்கிறது? தேடிப் பார்த்ததில் காரணம் ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள, லினக்ஸ் வழங்கல்களுக்குள் இருக்கும் 'கிளைகள்' பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லாத, ஆனால் இன்னும் நன்றாக ஓடுகிற லேப்டாப்புகள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. அவற்றைத் தூக்கிப் போட மனமில்லாமல் பலர் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். பெரியம்மா பையனும் அப்படித்தான். பெங்களூருவில் இருந்து விடுமுறைக்கு வந்தபோது, யூடியூப் பார்த்து ஒரே மதியத்தில் டெபியன் லினக்ஸை நிறுவிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கர்னல் வேறு, வழங்கல் வேறு

லினக்ஸ் என்பது கண்டிப்பாகச் சொன்னால் ஒரு கர்னல் மட்டுமே. அதாவது கணினியின் வன்பொருளையும் மென்பொருள்களையும் இணைக்கும் அடிப்படை அடுக்கு. அதன் மேல் பிரவுசர், பிரின்டர் டிரைவர், எழுத்துருக்கள், அலுவலக மென்பொருள் என்று எல்லாவற்றையும் சேர்த்து, ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்த்து, ஒரு மூட்டையாகக் கட்டித் தருபவர்கள் வேறு. அந்த மூட்டைதான் 'வழங்கல்'. உபுண்டு, டெபியன், ஃபெடோரா, நம் சென்னையிலேயே உருவான பாஸ் எல்லாம் வழங்கல்கள்.

டெபியன் 1993-ல் இயன் மர்டாக் தொடங்கியது. எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் நடத்துவது. உபுண்டுவும் பாஸும் இதை அடித்தளமாகக் கொண்டவை. 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13-ல் மட்டும் கிட்டத்தட்ட 70,000 பேக்கேஜ்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பேக்கேஜையும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு நாடுகளில், வேறு வேறு வேகத்தில் எழுதுகிறார்கள். யாரோ ஒருவர் நேற்று இரவு எழுதி முடித்த புதிய பதிப்பை அப்படியே உங்கள் லேப்டாப்பில் இறக்கினால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒரு நாள், வங்கிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின மாலையில், ஆகும்.

அதனால்தான் டெபியன் ஒரே நேரத்தில் மூன்று கிளைகளை நடத்துகிறது. அன்ஸ்டேபிள், டெஸ்டிங், ஸ்டேபிள்.

வாக்காளர் பட்டியல் மாதிரி

இதை விளக்க எனக்குக் கிடைத்த நல்ல உவமை வாக்காளர் பட்டியல். முதலில் படிவங்கள் வந்து குவிகின்றன. அதில் சரியானதும் இருக்கும், தவறானதும் இருக்கும். பிறகு வரைவுப் பட்டியல் வெளியாகிறது, ஆட்சேபணைகள் கேட்கப்படுகின்றன. கடைசித் தேதி முடிந்தபின் புதிதாக எதையும் சேர்க்காமல், வந்த ஆட்சேபணைகளை மட்டும் தீர்க்கிறார்கள். பின்னர் இறுதிப் பட்டியல். அதன் பிறகு திருத்தம் வேண்டுமென்றால் முழுப் பட்டியலையும் மாற்றுவதில்லை, துணைப் பட்டியல்தான் வருகிறது.

படிவங்கள் வந்து குவியும் மேசைதான் அன்ஸ்டேபிள். எந்தப் பேக்கேஜின் புதிய பதிப்பும் முதலில் இங்கேதான் வருகிறது. அவசரத்தைப் பொறுத்து 2, 5 அல்லது 10 நாட்கள் இங்கே கிடந்து, பெரிய பிழை எதுவும் பதிவாகவில்லை, மற்ற பேக்கேஜ்களையும் உடைக்கவில்லை என்றால் அது டெஸ்டிங் கிளைக்கு நகர்கிறது. இதை ஆள் உட்கார்ந்து செய்வதில்லை, ஒரு நிரலே செய்கிறது. டெஸ்டிங் என்பது வரைவுப் பட்டியல். சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்த வரைவைப் 'ஃப்ரீஸ்' செய்கிறார்கள், அதாவது உறைய வைக்கிறார்கள். புதிய வரவு நிறுத்தப்படும். பிழை திருத்தம் மட்டும் நடக்கும். எல்லாம் அடங்கியதும் அந்த டெஸ்டிங்கே ஸ்டேபிள் ஆகிறது. அதன் பின் வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் துணைப் பட்டியல்.

உவமை ஓர் இடத்தில் உதவாது. இறுதிப் பட்டியல் வந்ததும் வரைவுக்கு வேலை முடிந்துவிடும். டெபியனில் அப்படியில்லை. ஸ்டேபிள் வெளியான மறுநாளே அடுத்த வரைவுக்கான வேலை தொடங்கிவிடுகிறது. இந்தச் சின்ன விஷயத்தில்தான் பெரியம்மா வீட்டு பிரின்டர் மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஸ்டேபிள் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'பிழையே இல்லாதது' என்று பலர் நினைக்கிறார்கள். அது பொருள் அல்ல. 'மாறாதது' என்பதுதான் பொருள். இன்றைக்கு எப்படி நடந்துகொள்கிறதோ, ஓராண்டு கழித்தும் அப்படியே நடந்துகொள்ளும். மெனு இடம் மாறாது, பிரின்டர் டிரைவர் மாறாது. ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால், புதிய பதிப்பைக் கொண்டுவருவதற்குப் பதிலாக, அந்த ஓட்டைக்கான ஒட்டை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே போடுகிறார்கள். அதனால் ஸ்டேபிளில் பதிப்பு எண்ணைப் பார்த்து "ஐயோ, இரண்டு வருஷப் பழசு, ஆபத்து" என்று பதற வேண்டியதில்லை. எண் பழசாக இருக்கும். உள்ளே ஓட்டை அடைக்கப்பட்டிருக்கும்.

இதற்கு நேர்மாறான விஷயம் பலருக்கும் ஆச்சரியம் தரும். டெஸ்டிங் புதியது என்பதால் பாதுகாப்பானது என்று நினைக்கிறோம். உண்மையில் பாதுகாப்புத் திருத்தம் விஷயத்தில் டெஸ்டிங்தான் கடைசி வரிசையில் நிற்கலாம். ஸ்டேபிளுக்குத் தனிப் பாதுகாப்புக் குழு இருக்கிறது, நேரடியாகத் திருத்தம் போடும். அன்ஸ்டேபிளுக்குப் புதிய பதிப்பே நேராக வந்துவிடும். டெஸ்டிங்கோ அன்ஸ்டேபிளில் இருந்து அந்தப் பேக்கேஜ் நகர்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டும்.

பொம்மையை உடைக்கும் பையன்

டெபியன் வெளியீடுகளுக்கு எண்ணோடு ஒரு பெயரும் உண்டு. எல்லாமே 'டாய் ஸ்டோரி' கார்ட்டூன் படக் கதாபாத்திரங்கள். தொண்ணூறுகளில் டெபியனை வழிநடத்திய புரூஸ் பெரன்ஸ் அந்தப் படத்தை எடுத்த பிக்ஸார் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்; அப்படி ஒட்டிக்கொண்டது. 1996-ல் வெளியான 1.1-க்குப் பெயர் பஸ். டெபியன் 12-க்கு புக்வர்ம், 13-க்கு டிரிக்ஸி, இப்போது டெஸ்டிங்கில் இருக்கும் 14-க்கு ஃபோர்க்கி.

பெயர்கள் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மாறும். அன்ஸ்டேபிளுக்கு மட்டும் எப்போதும் ஒரே பெயர்: சித். படத்தில் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு பொம்மைகளை எல்லாம் உடைத்துப் போடுவானே, அந்தப் பையன். இதைவிடத் தெளிவான எச்சரிக்கைப் பலகை எந்த மென்பொருளிலும் நான் பார்த்ததில்லை.

அரை வினாடி தாமதம்

கிளைகள் எதற்கு என்று யாராவது கேட்டால், 2024 மார்ச் 29 அன்று நடந்ததைச் சொன்னால் போதும்.

ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்பவர் மைக்ரோசாப்டில் பணிபுரியும் மென்பொருள் பொறியாளர். அவர் டெபியன் சித் ஓடும் கணினியில் ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தார். தொலைவில் இருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் என்ற மென்பொருள் வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக எடுத்துக்கொள்வதைக் கவனித்தார். நாமாக இருந்தால் "நெட் ஸ்லோவா இருக்கு" என்று விட்டிருப்போம். அவர் விடவில்லை. தோண்டிக்கொண்டே போனார். கடைசியில் எக்ஸ்ஸெட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன மென்பொருளுக்குள் யாரோ திட்டமிட்டு ஒரு பின்கதவு வைத்திருப்பது தெரியவந்தது.

அந்த மென்பொருளைப் பல ஆண்டுகளாக ஏறத்தாழத் தனி ஆளாகப் பராமரித்து வந்தவர் ஒருவர். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் மெல்ல மெல்ல உதவிக்கு வந்து, நம்பிக்கை சம்பாதித்து, வெளியீடுகளைத் தானே விடும் உரிமை வரை வாங்கிவிட்டார். 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0, மார்ச்சில் வந்த 5.6.1 ஆகிய இரண்டு பதிப்புகளிலும் பின்கதவு இருந்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் உண்மையில் யார் என்பது வெளிவரவே இல்லை.

எந்தக் கிளைகளில் அது போய்ச் சேர்ந்திருந்தது என்று பாருங்கள். டெபியனின் அன்ஸ்டேபிள், டெஸ்டிங், ஃபெடோராவின் சோதனைக் கிளையான ராஹைட், ஓப்பன்சூசேவின் டம்பிள்வீட். எல்லாம் புதியதை உடனே வாங்கிக்கொள்ளும் கிளைகள். டெபியன் ஸ்டேபிளில் அப்போது இருந்தது 5.4.1 என்ற பழைய பதிப்பு. அதில் பின்கதவு இல்லை. உலகெங்கும் இணையத்தளங்களைத் தாங்கி நிற்கும் எண்ணற்ற சர்வர்கள், 'பழசு' என்று கேலி செய்யப்படும் கிளைகளில் இருந்ததால் தப்பின. அப்போது வெளிவரவிருந்த உபுண்டு 24.04-இன் பீட்டா, எல்லாப் பேக்கேஜ்களையும் புதிதாகக் கட்டுவதற்காக ஒரு வாரம் தள்ளிப்போனது.

டெபியன் செய்த அவசரத் திருத்தத்தில் ஒரு வேடிக்கை. பேக்கேஜ் மேலாளர் எப்போதும் பெரிய எண்ணைத்தான் புதியது என்று எடுத்துக்கொள்ளும், பின்னோக்கிப் போகாது. அதனால் பழைய நல்ல பதிப்பையே எடுத்து அதற்கு '5.6.1, ஆனால் உண்மையில் 5.4.5' என்று பொருள் வரும்படி எண் சூட்டினார்கள். பின்னோக்கிப் போகாது என்ற இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பிரின்டர் கதையிலும் இது வரும்.

அதே சமயம், சித்தில் உட்கார்ந்து வேலை பார்த்த ஒருவர் இருந்ததால்தான் விஷயம் பிடிபட்டது. எல்லோரும் ஸ்டேபிளிலேயே இருந்திருந்தால், அந்தப் பின்கதவு ஓராண்டு கழித்து அமைதியாக அடுத்த ஸ்டேபிளுக்குள் வந்திருக்கக்கூடும்.

ஸ்டேபிளுக்கும் சறுக்கியது உண்டு. 2006-ல் டெபியனில் ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் செய்த ஒரு சிறு மாற்றம், ரகசியச் சாவிகளை உருவாக்கும் எண்களை ஊகிக்கக்கூடியதாக்கிவிட்டது. எண்ணிலடங்காத வகைகளில் உருவாக வேண்டிய சாவி, ஒவ்வொரு அளவிலும் 32,767 வகைகளுக்குள் சுருங்கியது. அந்த மாற்றம் எல்லாச் சோதனைகளையும் கடந்து 2007-இன் ஸ்டேபிளிலும் போய் உட்கார்ந்தது. லூசியானோ பெல்லோ என்ற டெபியன் தன்னார்வலர் கண்டுபிடித்து, 2008 மே மாதம் அறிவிப்பு வந்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. காத்திருப்பது பல பிழைகளைப் பிடிக்கும், எல்லாவற்றையும் அல்ல.

அந்த ஒரு சொல்

இப்போது அபிராமபுரம் லேப்டாப்புக்கு வருவோம். பேக்கேஜ்களை எந்தக் கிளையில் இருந்து எடுக்க வேண்டும் என்பதை டெபியன் ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்திருக்கும். அந்த வரியில் கிளையின் பெயர் வரும். பெரியம்மா பையன் பார்த்த வீடியோவில் "டெஸ்டிங் போடுங்க, எல்லாம் லேட்டஸ்ட்டா இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவரும் அந்த வரியில் 'டெஸ்டிங்' என்று எழுதிவிட்டார்.

அவர் நிறுவியது 2025 ஜூன் மாதம். அப்போது டெபியன் 13-க்கான ஃப்ரீஸ் நடந்துகொண்டிருந்தது. மார்ச் 15-ல் முதல் கட்டம், ஏப்ரல் 15-ல் அடுத்தது, மே 15-ல் கடுமையான கட்டம். அதாவது ஜூனில் டெஸ்டிங் என்பது பெயருக்குத்தான் டெஸ்டிங். புதிய வரவு எதுவும் இல்லாமல் ஸ்டேபிள் மாதிரியே அடங்கிக் கிடந்தது. லேப்டாப் தங்கமாக ஓடியதில் வியப்பில்லை.

ஆகஸ்ட் 9 அன்று டிரிக்ஸி வெளியானது. அன்றே 'டெஸ்டிங்' என்ற சொல்லின் பொருள் மாறிவிட்டது. அதுவரை அது டிரிக்ஸியைக் குறித்தது. அன்று முதல் ஃபோர்க்கியைக் குறிக்கிறது. மாதக்கணக்கில் அணைபோட்டுத் தடுத்து வைத்திருந்த புதிய பதிப்புகள் எல்லாம் மதகு திறந்தது போலச் சித்துக்குள் பாய்ந்து, அங்கிருந்து டெஸ்டிங்குக்கு வரத் தொடங்கின. ஒரு வெளியீடு முடிந்ததற்கு அடுத்த சில மாதங்கள்தான் டெஸ்டிங்கில் ஆட்டம் அதிகம். பெரியம்மா ஒவ்வொரு முறை "சரி" அழுத்தும்போதும் அந்த வெள்ளத்தில் கொஞ்சம் அவர் லேப்டாப்புக்குள் இறங்கியது. அக்டோபர் கடைசியில் அச்சு தொடர்பான ஒரு பேக்கேஜ் முன்னால் நகர்ந்துவிட்டது. அதோடு சேர்ந்து நகர வேண்டிய டிரைவர் பின்னால் நின்றுவிட்டது. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

'டெஸ்டிங்' என்பதற்குப் பதிலாக 'டிரிக்ஸி' என்று எழுதியிருந்தால்? ஜூனில் நிறுவியது அதே பேக்கேஜ்கள்தான். ஆகஸ்ட் 9 அன்று அந்த லேப்டாப் தானாகவே ஸ்டேபிளாக மாறி அங்கேயே நின்றிருக்கும். 2028 ஆகஸ்ட் வரை முழுப் பாதுகாப்பு, அதன்பின் நீண்டகால ஆதரவுக் குழு மூலம் 2030 ஜூன் வரை என்று ஐந்தாண்டுக்கு யாரும் தொட வேண்டியிருந்திருக்காது.

'ஸ்டேபிள்' என்று எழுதுவதும் முழுத் தீர்வு இல்லை. அதுவும் நகரும் சொல்தான். புதிய வெளியீடு வரும் நாளில் 'ஸ்டேபிள்' என்பது புதியதைக் குறிக்கத் தொடங்கும். நீங்கள் தயாராக இல்லாத ஒரு காலையில் முழுப் பெரிய மாற்றமும் வந்து நிற்கும். கிளையின் பெயரை எழுதாமல் வெளியீட்டின் பெயரை எழுதுவதே வீட்டுக் கணினிக்கு நல்லது. முகவரியில் 'மூலைக் கடைக்கு எதிர்வீடு' என்று போடுவதற்கும் கதவு எண் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். கடை மாறலாம், கதவு எண் மாறாது.

தரமணியில் உருவான பாஸ்

நம் ஊரில் இதற்கு ஒரு நீண்ட கதை உண்டு. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு, தரமணியில் இயங்குவது, 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்ற பாஸ் லினக்ஸை 2007-ல் வெளியிட்டது. டெபியனை அடித்தளமாக எடுத்து, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் எழுதவும் படிக்கவும் வசதிகளைச் சேர்த்து, அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் ஏற்றபடி அமைத்தார்கள். அதே காலத்தில் நந்தனத்தில் உள்ள எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகளில் விண்டோஸுடன் பாஸும் சேர்ந்தே இருந்தது. ஆன் செய்ததும் வரும் மெனுவில் எத்தனை மாணவர்கள் பாஸைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது வேறு கேள்வி. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு லினக்ஸ் என்ற பெயர் அந்த மெனுவில்தான் அறிமுகமானது.

இப்படிப்பட்ட திட்டங்களில் கிளை என்பது பொழுதுபோக்குச் சமாச்சாரம் இல்லை. பிளஸ் டூவில் லேப்டாப் வாங்கும் மாணவி, கல்லூரி முடியும்வரை நான்கைந்து ஆண்டு அதையே பயன்படுத்துவார். அதில் இருக்கும் மென்பொருளுக்கு ஒன்பது மாதம்தான் ஆதரவு என்றால், மீதி ஆண்டுகள் பாதுகாப்பின்றி ஓடும். நம் பக்கத்து மாநிலமான கேரளாவில் பள்ளிகளுக்கான கைட் அமைப்பு, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு தன் சொந்த வழங்கலைத் தருகிறது. 18.04, 22.04 என்று அவர்கள் எடுத்த எண்களைக் கவனியுங்கள். இரண்டுமே நீண்டகால ஆதரவுப் பதிப்புகள். தற்செயல் அல்ல.

உபுண்டு எண்ணைப் படிப்பது எப்படி?

உபுண்டுவின் எண் உண்மையில் ஒரு தேதி. 24.04 என்றால் 2024-ஆம் ஆண்டு நான்காம் மாதம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் என்று ஆண்டுக்கு இரண்டு வெளியீடு. இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரல் வெளியீடு மட்டும் எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவு: ஐந்து ஆண்டு. மற்றவை எல்லாம் ஒன்பது மாதத்தோடு சரி. ஆக, 22.04 எல்டிஎஸ், 24.04 எல்டிஎஸ், 24.10-ம் 25.04-ம் இல்லை. கடையில் யாராவது நிறுவித் தந்தால் இந்த எண்ணை மட்டும் கேளுங்கள்.

ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாத ஆதரவு. புதியதை விரும்பும், தானே பராமரிக்கத் தெரிந்தவர்களுக்கு நல்லது. ஆர்ச், டம்பிள்வீட் போன்றவை 'ரோலிங்' வகை. அவற்றில் வெளியீடு என்பதே இல்லை, ஓடும் ரயிலில் பெட்டி மாற்றுவது போல எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கும். இவை மோசமானவை என்று சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தும் கணினிக்கு ஒத்துவராது என்கிறேன்.

ஒரு கிளையின் விதியை அதை நடத்துபவர்களே மாற்றிவிடவும் கூடும். ரெட்ஹேட் நிறுவனத்தின் கட்டண லினக்ஸுக்கு இணையான இலவச வடிவமாக சென்ட்ஓஎஸ் இருந்தது. சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு என்று நம்பிப் பலரும் சர்வர்களை மாற்றினார்கள். 2020 டிசம்பரில், அது 2021-உடன் முடிகிறது, இனி 'ஸ்ட்ரீம்' என்ற கிளை மட்டுமே என்று அறிவிப்பு வந்தது. ஸ்ட்ரீம் என்பது கட்டண வடிவத்துக்கு ஒரு படி முன்னால் ஓடும் வரைவு. இறுதிப் பட்டியலை நம்பியிருந்தவர்களிடம், இனி வரைவுப் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள் என்றது போல. அந்த இடத்தை நிரப்பத்தான் 2021-ல் ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் இரண்டும் வந்தன.

உங்கள் கையில் இருக்கும் லினக்ஸ்

"எங்கிட்ட லேப்டாப்பே இல்லை, இதெல்லாம் எனக்கெதுக்கு?" என்பவர்களுக்கு. உங்களிடம் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் உங்களிடம் லினக்ஸ் இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய், போன் பற்றிய விவரப் பக்கத்தில் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டுப் பாருங்கள் (போனுக்குப் போன் இடம் சற்று மாறும்). 'கர்னல் பதிப்பு' என்று ஒரு நீண்ட எண் இருக்கும். அது 5.10, 5.15, 6.1, 6.6 என்று தொடங்கினால் வியப்பில்லை. லினக்ஸ் கர்னல் ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பாக வருகிறது. அதில் ஆண்டுக்கு ஒன்றை மட்டும் நீண்டகாலப் பராமரிப்புக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் சொன்ன நான்கும் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவை. கர்னலுக்கும் கிளை உண்டு. போன் தயாரிப்பாளர்கள் ஸ்டேபிள் பக்கம்தான் நிற்கிறார்கள்.

அதே பக்கத்தில் 'பாதுகாப்புப் புதுப்பிப்பு' என்று ஒரு தேதி இருக்கும். கர்னல் எண்ணைவிட உங்களுக்கு முக்கியமானது அந்தத் தேதி. அது ஓராண்டுக்கு முந்தையதாக இருந்தால், உங்கள் போனுக்கு வந்துகொண்டிருந்த துணைப் பட்டியல் நின்றுவிட்டது என்று பொருள்.

பிளே ஸ்டோரில் ஒரு செயலியின் பக்கத்தில் கீழே போனால் சிலவற்றுக்கு 'பீட்டாவில் சேருங்கள்' என்று இருக்கும். அதுவும் டெஸ்டிங் கிளைதான். கேம், கேமரா செயலி என்றால் சேர்ந்து பாருங்கள், சுவாரஸ்யமாக இருக்கும். பணப் பரிவர்த்தனைச் செயலி, ஆவணங்களை வைத்திருக்கும் செயலி இவற்றில் வேண்டாம். முன்பே சேர்ந்திருந்தால் அதே இடத்தில் 'வெளியேறு' இருக்கும். வெளியேறிய பிறகு செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால்தான் சாதாரணப் பதிப்பு வரும்.

லேப்டாப்பில் மாற்றுவதற்கு முன்

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடப் போகிறீர்கள் என்றால், டெபியன் ஸ்டேபிள், உபுண்டு எல்டிஎஸ், பாஸ் இந்த மூன்றில் ஒன்று போதும். எது என்பது ருசியைப் பொறுத்தது. மிகப் பழைய 32-பிட் கணினி என்றால் டெபியன் 13-ல் அதற்கான நிறுவி கிடையாது; 12-தான் கடைசி. நேர்மாறாக, போன மாதம் வாங்கிய புத்தம் புதிய லேப்டாப்பில் வைஃபை பிடிக்கவில்லை என்றால், அதற்காக டெஸ்டிங்குக்குத் தாவ வேண்டியதில்லை. 'பேக்போர்ட்ஸ்' என்ற வழியில் புதிய கர்னலை மட்டும் ஸ்டேபிளுக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே யாரோ நிறுவித் தந்த லினக்ஸ் இருந்தால், அமைப்புகளில் 'பற்றி' என்ற பகுதியில் பெயரும் எண்ணும் இருக்கும். டெபியனில் வெளியீட்டுப் பெயருக்குப் பக்கத்தில் 'சித்' என்று தென்பட்டால், நீங்கள் ஸ்டேபிளில் இல்லை. உதவிக்கு ஆள் தேடுபவர்களுக்கு, சென்னை லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாகக் கூடி வருகிறது. தமிழிலேயே படிக்க 2012 முதல் கணியம் மின்னிதழ் இருக்கிறது.

முன்னோக்கிப் போவது எளிது. பின்னால் வருவது கடினம். எக்ஸ்ஸெட் விஷயத்தில் பார்த்தோமே, பேக்கேஜ் மேலாளர் சிறிய எண்ணுக்கு இறங்காது. டெஸ்டிங்கில் வெகுதூரம் போய்விட்ட லேப்டாப்பை ஸ்டேபிளுக்கு இறக்க டெபியனில் முறையான வழி கிடையாது. பெரியம்மாவின் லேப்டாப்பிலும் அதுதான் நிலைமை. புகைப்படங்கள், பத்திரங்களின் ஸ்கேன், பெரியப்பாவின் ஓய்வூதியக் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் எடுத்து, டெபியன் 13-ஐப் புதிதாக நிறுவினோம். கோப்புகளை எடுத்து, திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத்தான் இரண்டு மணி நேரம். நிறுவ முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தச் சிறு கோப்பைத் திறந்து, வரியில் 'டிரிக்ஸி' என்று இருப்பதை இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

சோதனைக்காக முதல் பக்கம் அச்சடித்ததும் பெரியம்மா கேட்டார்: "இனிமே அப்டேட்னு வந்தா அழுத்தலாமா, கூடாதா?"

அழுத்தலாம் என்றேன். தாராளமாக.